வெயிலைச் சேர்த்து வைப்பவர்

மத்தியானம் பன்னிரண்டு ஆனால் மருமகள் ஆபீசிலிருந்து போன் செய்வாள். "அத்தே, துணி மெஷின் போட்டீங்களா? ஹீட்டர் ஓடுதா?" மெல்போர்னில் மகன் வீட்டுக் கூரை முழுக்க சோலார் பலகை. பகலில் வரும் கரண்டைக் கம்பெனிக்கு விற்றால் சில்லறைதான் கிடைக்கும். சாயங்காலம் அதே கரண்டை வாங்கப் போனால் விலை ஆளை விழுங்கும். அதனால் வெயில் இருக்கும்போதே செலவழித்துவிட வேண்டுமாம். மிச்சம் பிடித்தே வளர்ந்தவள் நான். நாலு பாவாடைக்காக மெஷின் போடும்போது இன்னும் கை கூசுகிறது.

கருங்குழியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள். நூறு யூனிட் வரை இலவசம். அந்த நூறைத் தாண்டாமல் இருப்பதுதான், லாரி ஓட்டி ஓய்ந்த என் வீட்டுக்காரருக்குப் பெருமை. ரீடிங் நாள் நெருங்கினால் டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார், ஃபேனை நிறுத்திவிடுவார். மகன் வாங்கித் தந்த ஏசிமேல் என் பழைய புடவை போர்த்தியிருக்கும். பேத்தி பிறந்தபோது நான் மட்டும் இங்கே வந்தேன். போன வருஷம் சித்திரையில், ஃபேன் ஓடாத அறையில் மயங்கி விழுந்தார். எழுந்தபின்தான் எனக்கே சொன்னார்கள்.

மகன் உடனே ஊரிலிருந்த சோலார்காரரை அனுப்பினான். அவர் கரண்ட் அட்டையைப் பார்த்துச் சிரித்தாராம். "பெரியவரே, உங்களுக்கு பில்லே வர்ல. போட்ட டப்பு எந்த ஜென்மத்துல திரும்பும்?" நட்டமானாலும் போடுங்கள் என்றான் மகன். அப்பா ஏசியில் படுக்கட்டும் என்பதுதான் அவன் கணக்கு. அந்த மாதமே பலகை கூரை ஏறியது.

நேற்று சாயங்காலம் வீட்டுக்காரரோடு வீடியோவில் பேசினேன். அங்கே அப்போது கொளுத்தும் வெயில். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னால் ஏசிமேல் புடவை அப்படியே.

"ஏசி போடலியா?"

"இன்னாத்துக்குமே? அத்தினி கரண்ட்டும் ஈ.பி. கணக்குல சேந்துகினு கீது. நீ வந்தா ராவும் பகலும் போட்டுக்கலாம். நீதான வேர்க்குது வேர்க்குதுன்னு உயிர எடுப்ப!"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

போனை வைத்ததும் மகனிடம் கேட்டேன். "அது பேங்க் இல்லம்மா. மார்ச் முடிஞ்சா மிச்ச யூனிட் செல்லாது. போன வருஷத்தோடது போயே போச்சு. எனக்குச் சொல்ல மனசு வரல, நீயே சொல்லு."

எப்படிச் சொல்வேன்? சொன்னால், அதுக்குள்ள வந்துடு என்பார். மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். அடுத்த மார்ச்சுக்குள் நான் போகப்போவதில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி மார்கரெட், வேலி ஓரமாக வந்து, "ஹஸ்பண்ட்?" என்று கேட்டாள். ஊரில் இதேபோல் பலகைக்குக் கீழே இருக்கிறார் என்று சொல்ல வார்த்தை வராமல், கூரையைக் கையால் காட்டினேன். அவள் கூரையைப் பார்க்கவில்லை, அதற்கும் மேலே வானத்தைப் பார்த்தாள். முகம் வாடிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு "சாரி, சாரி" என்றாள்.

இல்லை, இருக்கிறார் என்று தலையாட்டவாவது செய்திருக்கலாம். அவளாக விடும்வரை கையைக் கொடுத்துவிட்டு நின்றேன்.