மாமனாரின் முதுகு

என் மாமனார் உயிரோடிருந்த கடைசி ஏழு மாதமும் அவர் முதுகைத் தட்டுவதுதான் என் வேலை.

முப்பது வருடம் ரிக் வண்டியோடு போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கல்தூள் நெஞ்சுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிட்டது. சளி உள்ளேயே கட்டிக்கொள்ளும். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். மாமியார் இல்லை. என் கணவருக்கும் அதே தொழில்தான், மத்தியப் பிரதேசத்தில் எங்கோ துளை போட்டுக்கொண்டிருந்தார். ஜேடர்பாளையம் பக்கத்தில் எங்கள் வீட்டில் மாமனாரும் நானும் மட்டும்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சுலபமாகச் சொல்லிவிட்டாள். இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும், தலை தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் அள்ளுவதுபோல் கையைக் குழித்துக்கொண்டு, முதுகெலும்பில் படாமல், விலாப் பக்கமாகத் தட்ட வேண்டும். காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன்னால்.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. காபி டம்ளரைக்கூடக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த மனுஷனைப் போய் நான் தட்டுவதா!

வேறு வழியில்லாமல் துண்டைப் போர்த்தி அதன்மேல் தட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு வாரமாகியும் சளி வரவில்லை. மறுபடி போனபோது அந்தப் பெண் என்னைத் தட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க்கா, இது தட்டறதாங்க? தடவிக் குடுக்கறீங்க. மரியாதை பாத்தா சளி வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். "மாமா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, டொப் டொப்பென்று சத்தம் வரும்படி பத்து நிமிஷம் விடாமல் தட்டினேன். எழுந்து உட்கார்ந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடி வாயைத் திறந்து ஹா ஹாவென்று ஊதினார். கட்டி கட்டியாக வந்தது. அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்லாருப்ப சாமி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஆனா வெளிய தெரிய வேண்டாம். மருமவ கையில அடி வாங்கறான்னு பேசுவாங்க."

அதிலிருந்து தட்டும்போதெல்லாம் டிவியைச் சத்தமாக வைத்துவிடுவோம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம் சளி அதிகமாகிவிட்டது. ஒரு நாள் காலையில் தலையணையை எடுத்துப் போடும் நேரத்தில் ஒரம்பரை வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் விருந்தாளிகளை அப்படித்தான் சொல்வோம். அவருடைய தங்கை வீட்டார் எட்டுப் பேர், கல்யாணப் பத்திரிகை வைக்க. அவர் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தோள் இரண்டும் ஏறி இறங்கத் தொடங்கின. உதடு கறுத்தது. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்து, "உள்ள வாங்க மாமா, தட்டி உடறேன்" என்றேன்.

"அவிங்க போவட்டும் சாமி."

ஊரில் எவரோடும் மல்லுக்கு நிற்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ! தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் வடை தட்டினேன். எட்டுப் பேருக்கும் இலை போட்டுப் பரிமாறினேன். பாயசம்கூட வைத்தேன்.

மத்தியானம் அவர்கள் வேன் தெரு முனை திரும்பியபோது அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

விஷயம் தெரிந்து அந்தப் பெண் வார்டுக்கு ஓடிவந்தாள்.

"காலையில தட்டுனீங்களாக்கா?"

"இல்லீங்க" என்றேன். "ஒரம்பரை வந்திருந்தாங்க."

அவள் அவர் மேலிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.