ஏரியைச் சொன்னவர்

கொடைரோடு ரயிலடியில் அரசாங்கம் ஒரு சுற்றுலாத் தகவல் மேஜையைப் போட்டு, அதன் பின்னால் ஒருவரை உட்கார வைத்தது. அதுவரை ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் மலையைப் பற்றி டாக்சிக்காரனான என்னிடம்தான் கேட்பார்கள். அப்புறம் எல்லோரும் அவரையே மொய்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒல்லியான ஆள். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. மேலே இருக்கும் ஏரியைவிட்டு விடியற்காலையில் மூடுபனி எப்படிக் கிளம்பும் என்று அவர் சொன்னால், கேட்கிறவர்கள் அந்த வெயிலிலேயே ஸ்வெட்டரைத் தேடுவார்கள். மலையிலிருந்து திரும்பி வருகிறவர்களையும் விடமாட்டார். ரயில் வரும்வரை பக்கத்தில் நின்று, என்னென்ன பார்த்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "இம்புட்டு சொல்றீகளே சார், எத்தனை தடவை மேல போயிருக்கீக?"

"ஒரு தடவைகூடப் போனதில்ல பாய். வளைவுல தலை சுத்தும், வாந்தி வந்துரும். போய்ட்டு வந்தவங்க சொல்றதக் கேட்டுத்தான் சொல்றேன். நீங்க தினம் போறவராச்சே, விடியக்காலையில ஏரித் தண்ணி என்ன நிறத்துல இருக்கும்?"

பத்து வருஷமாக அந்த ஏரியில்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்; நிறத்தைப் பார்த்ததே இல்லை.

அடுத்த நடையில், விடியற்காலையில், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தேன். மூடுபனி அவர் சொன்ன மாதிரியேதான் கிளம்பியது. வேறு மாதிரி பார்க்க எனக்கு இன்றுவரை வரவில்லை.