வெள்ளிக்கிழமைத் தோசைக்கல்

போன மாதம் என் மகள் கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பிவிட்டு, லைட்டர் எங்கே என்று மேசையில் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று வினாடிதான் இருக்கும். நான் பாய்ந்து குமிழை மூடி, அவள் கையில் அடித்துவிட்டேன். பதினாறு வயதுப் பிள்ளையை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. "என்னம்மா, உங்களுக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றேன்.  ஏன் அடித்தேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அப்பா சைவக்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த எங்கள் குடும்பம் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. அப்பா முன்னால் காசு மேசையில் இருப்பார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, பின்னால் தோசைக்கல்லில் நிற்பார். இருவருக்கும் நடுவே அரிசி மூட்டைகள் அடுக்கிய ஒரு நடை. அதன் ஒரு பக்கம் ஒழுங்கையைப் பார்த்துத் திறந்திருக்கும்.

விறகடுப்பை விட்டு அப்பா கேஸ் கல்லுக்கு மாறி அப்போது இரண்டு வருடம். ஓர் ஆள் கையை விரித்துப் படுக்கலாம் போல அகலமான இரும்புத் தகடு, அடியில் நான்கு நெருப்புக் குழாய்கள், முன்னால் நான்கு குமிழ்கள், சுற்றிலும் எண்ணெய் வடிய ஒரு வாய்க்கால். சித்தப்பா அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். பின்னேரம் கூட்டம் குறைந்ததும் கல் ஆறுமுன்பே செங்கல் துண்டால் தேய்ப்பார். பிறகு பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு வட்டம் வட்டமாகப் பூசுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழாய்களைக் கழற்றி, மா விழுந்து அடைத்த துளைகளைச் சைக்கிள் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பார். ரப்பர் குழாய் பொருந்தும் இடங்களில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். பச்சைக் குழந்தையின் காதைப் பார்ப்பது போலக் குனிந்து பார்ப்பார்.

அவருடைய தோசை மெல்லியது. "தம்பி, இதுக்குள்ளால காலி வீதி தெரியுது" என்று ஒரு வாடிக்கைக்காரர் தோசையைத் தூக்கிப் பிடித்தபோது, "அப்ப பாத்துச் சொல்லுங்கோ, நூறாம் நம்பர் பஸ் வருதோ எண்டு" என்றார் சித்தப்பா. கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததால் எனக்கு அது நினைவிருக்கிறது.

கேஸ் பூட்டவந்த சிங்கள ஐயா போகும்போது சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மல்லி, இஸ்ஸெல்லா கின்தர, பஸ்ஸே கேஸ்." தம்பி, முதலில் நெருப்பு, பிறகுதான் கேஸ். சித்தப்பா வாரத்தில் ஆறு நாள் அப்படியே செய்தார். வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. அன்று கல்லுக்கு முதல் நெருப்பு, காசு மேசைக்கு மேலிருந்த சாமி படத்தடியிலிருந்து கற்பூரமாக வரவேண்டும் என்பது விறகடுப்புக் காலத்திலிருந்தே அப்பாவின் முறை. விறகடுப்பில் முதலில் விறகை அடுக்கிவைத்துவிட்டுப் பிறகு தீயைக் கொண்டுவருவார்கள். விறகு எத்தனை நேரமானாலும் காத்திருக்கும். அப்பா அந்த வரிசையை அப்படியே கேஸுக்கும் கொண்டுவந்துவிட்டார். படத்தடியில் மணி அடித்ததும் சித்தப்பா குமிழைத் திறந்துவைக்க வேண்டும். நான் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி நடந்து அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் கல்லின் அடியில் தட்டை நீட்டுவார். 'புப்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

அந்தக் கேஸ்காரர் சொன்ன மாதிரிச் செய்வோமே என்று சித்தப்பா ஒருமுறை அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "சாமி நெருப்பு வர முந்தி அடுப்பு ஆயத்தமா இருக்கவேணும். கேஸ்காரனே எனக்குப் பூசை சொல்லித் தாறது?" என்றார் அப்பா. சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வெள்ளிக்கிழமை கல்லு அண்ணைக்கு. மற்ற ஆறு நாளும் எனக்கு."

அது மழைக்கால வெள்ளிக்கிழமை. மணி அடித்தது. நான் தட்டோடு நடைக்குள் வந்தேன். ஒழுங்கையிலிருந்து ஈரக் காற்று ஒன்று வந்து கற்பூரத்தை அணைத்துவிட்டது.

திரும்பிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்திய வருடம் அம்மாவின் கையில் கற்பூரம் அணைந்த அன்று, அபசகுனம் என்று அப்பா கடையே திறக்கவில்லை. அன்று முழுவதும் அம்மாவோடு கதைக்கவும் இல்லை. அம்மா மேலே அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது எனக்குத் தெரியும். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, அங்கே சுவர்த்தட்டில் இருந்த தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி நமுத்துப்போய் இழுபட்டது. இரண்டாவது முறிந்தது. நாலாவதோ ஐந்தாவதோ பிடித்தது. கற்பூரம் மறுபடி எரிந்தது. யாரும் பார்க்கவில்லை. சாமியும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

சித்தப்பா குமிழைத் திறந்துவிட்டு, நான் வரும் நேரத்துக்குள் மா வாளியைத் தூக்கிவரப் பின்பக்கம் போயிருந்தார். அது அவருடைய வழக்கம். நான் அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவரும் வாளியோடு உள்ளே வந்தார். "என்ன பிள்ளை, சாமி நித்திரையோ?" என்றபடி தட்டை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

அன்று 'புப்' என்ற சத்தம் வரவில்லை. கல்லே இருமியது போல ஒரு சத்தம். நீல வெளிச்சம் கல்லுக்கு அடியிலிருந்து வெளியே வந்து அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. அவர் கத்தவில்லை. முதலில் குமிழை மூடினார். பிறகு கைகளைத் தனக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ என்பது போலப் பார்த்தார். அந்த அவசரத்திலும் அப்பா எல்லோருடைய அடையாள அட்டைகளையும் தேடி எடுத்துக்கொண்டுதான் சித்தப்பாவோடு முச்சக்கர வண்டியில் ஏறினார். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள்; கொழும்பில் அப்போது தமிழர்கள் நாங்கள் அப்படித்தான் வெளியே போவோம்.

மூன்றாம் நாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சித்தப்பாவுக்குப் புருவங்கள் இல்லை. இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டியிருந்தன. அப்பாவும் அம்மாவும் தாதியோடு கதைக்கப் போனதும் என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"பிள்ளை, கற்பூரம் வழியில நூந்ததோ?"

"இல்லைச் சித்தப்பா. அணையேல்லை."

"நேரா வந்தனியோ?"

"ஓம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பக் குழாயிலதான் எங்கையோ பிழை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினார். அப்பா வந்ததும், குழாயைப் பார்க்காமல் கல்லை மூட்டவேண்டாம் என்று சித்தப்பா அவரிடம் சொன்னார். நான் தப்பிவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

கடை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. கேஸ்கார ஐயா வந்து கல்லையே பிரித்துப் போட்டார். ஒவ்வொரு துளையையும் குத்தினார். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. நெருப்புக்குப் பிறகுதானே கேஸைத் திறக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது என்று அப்பா சிங்களத்தில் பதில் சொன்னார். அது பொய்யல்ல. அப்பாவின் முறையில் நடந்தது. கடைசியில் பழைய ரப்பர் குழாயில் மயிர் போல ஒரு கீறல் தெரிந்தது. "இதுதான் என்ரை தம்பியின்ரை கையைத் திண்டது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைத் தூக்கிக் காட்டினார். வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

சித்தப்பாவின் வலக்கை விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. தோசைக் கரண்டி அந்தக் கைக்குள் நிற்கவில்லை. ஒருநாள் பின்னேரம் ஆறின கல்லின் முன்னால் நின்று இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, ஹெந்தளையில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து ஒருவரைப் பிடித்து அப்பா கல்லுக்கு நிறுத்தினார்.

சித்தப்பா அன்று கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொடுக்கத்தான் என்று நான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். குற்றவாளியை அவர் தேடவில்லை, பிழையைத்தான் தேடினார். கற்பூரம் அணைந்தது என்று நான் சொல்லியிருந்தால், திறந்த குமிழுக்கும் வருகிற நெருப்புக்கும் இடையிலுள்ள அந்தப் பத்து அடிதான் பிழை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்ததாக அந்தக் கல்லின் முன்னே குனியப்போகிறவருக்காக அவர் கேட்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

கடை திறந்த முதல் வெள்ளிக்கிழமை, பெரியவள் பயந்துபோனாள் என்று சொல்லி, கற்பூரத் தட்டை எட்டு வயதுத் தங்கச்சியிடம் கொடுத்தார்கள். நான் அவளைத் தனியே கூப்பிட்டு, அக்காவாகப் புத்தி சொன்னேன். "ஓடாதை, காத்துப் படும். மெல்ல மெல்லப் போ." மணி அடித்தது. உள்ளே புது ஆள் குமிழைத் திறக்கும் சத்தம் கேட்டது. தங்கச்சி ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு, நான் சொன்னபடியே, அடிமேல் அடி வைத்து நடையில் போய்க்கொண்டிருந்தாள். நான் காசு மேசையடியில் நின்றேன். தட்டு இப்போது என் கையில் இல்லை என்று மட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.