கோதண்டத்தின் கை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாலிபால் மைதானத்தில் ஒரு மனிதரை அடிக்க ஒரு கூட்டம் ஓடியது. அதில் முதல் ஆளாக ஓடியவன் அடியேன்!

யாரை அடிக்க? எதிர் டீம் ஆளையா? அம்பயரையா? அதெல்லாம் இல்லை. எங்கள் டீம் கேப்டனையே. அதுவும் என் அருமை நண்பர் கோதண்டத்தை.

நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், என் மேல் தப்பா என்று.

கோதண்டம் விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு வந்தவர். பந்தடிப்பதுதான் உத்தியோகம். மற்ற நேரத்தில் மைன்ஸில் ஷிப்ட். நெட்டுக்கு மேலே எழும்பி அவர் ஒரு அடி அடித்தால், எதிரே நிற்பவர்கள் பந்தைத் தேட மாட்டார்கள்... மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள்.

எல்லாம் சரி. அந்தக் கைதான் கோளாறு.

பந்து அவர் விரல் நகத்தில் லேசாக உரசிவிட்டு வெளியே போகும். அம்பயர் பார்த்திருக்க மாட்டார். எதிர் டீமும் பார்த்திருக்காது. பாயின்ட் நமக்குத்தான் என்று நாங்கள் விசிலடிக்க வாயில் விரலை வைப்போம். அதற்குள் அந்தக் கை உயர்ந்துவிடும். “டச் சார்!”

போச்சு! பாயின்ட் அவர்களுக்கு.

மைதானத்தோடு விட்டாரா? கேன்டீனில் பரிமாறுகிற பையன் ஞாபகமறதியாக இன்னொரு வடையை வைத்தால், அதற்கும் கை தூக்குவார். “தம்பி, எனக்கு ஆச்சுப்பா.” அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் அந்த வடை கிடைக்காது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

இந்தக் கையால் அதிகம் நொந்தவர் அவர் மனைவி சகுந்தலாதான்.

எங்கள் டவுன்ஷிப்பில் டிபார்ட்மென்டுகளுக்குள் நடக்கும் போட்டிக்கு ஒரு ரோலிங் ஷீல்டு உண்டு. ஜெயிக்கிற கேப்டன் அதை ஒரு வருஷம் தன் குவார்ட்டர்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம். பிளாக்கே வந்து பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகும். அந்த ஷீல்டுக்காகவே சகுந்தலா முன் ரூம் சிமென்ட் ஷெல்ஃபில் கையால் பின்னிய குரோஷா துணி விரித்து, நடுவில் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தார். ரேடியோவைக்கூடச் சமையலறைக்குத் துரத்திவிட்டார். புதிதாக வருகிறவர்கள், “இங்கே ஏதாவது உடைந்துவிட்டதா?” என்று துக்கம் விசாரிப்பார்கள்.

வருஷா வருஷம் ஃபைனல் வரைக்கும் போவார் கோதண்டம். வருஷா வருஷம் கை தூக்குவார். துணி மட்டும் வெளுத்து வெளுத்து மறுபடி விரிக்கப்படும்.

இந்த வருஷத்தோடு விளையாட்டுக்கு முழுக்கு. முட்டி ஒத்துழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்தான் கடைசி மேட்ச். இனிமேல் கேப்டன் இல்லை... அன்று விட்டால் அந்த ஷெல்ஃப் காலிதான்.

கிளம்பும்போது சகுந்தலா வாசல்வரை வந்தார்.

“இன்னா சொல்றன், காதுல வாங்கிக்கோங்க. பந்துக்கு மட்டும் கையத் தூக்குங்க. வேற எதுக்கும் தூக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“சரி” என்று தலையாட்டினார். கூடவே நான் வேறு சாட்சி!

எதிர் டீம் ஒர்க்‌ஷாப். அதன் கேப்டன் முத்தையா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆளுக்கு இரண்டு செட். கடைசி செட்டில் நாங்கள் பதினாலு, அவர்கள் பதிமூன்று. சர்வீஸ் எங்களுடையது. ஒரே ஒரு பாயின்ட். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் யாரென்று இன்று வரை தெரியாது.

பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்... கோதண்டம் எழும்பி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். சின்னப் பிள்ளை எடுத்துவிடும்.

அந்த நேரம் பார்த்து... சங்கு!

வேலை முடிந்ததென்று ஊருக்கே கேட்கிற சாயங்காலச் சங்கு ஊதியது. ஒர்க்‌ஷாப்காரர்களுக்குச் சங்கு என்றால் என்ன? கையில் இருப்பதை அப்படியே போட வேண்டும். ஸ்பானராக இருந்தால் ஸ்பானர், போல்ட்டாக இருந்தால் போல்ட். வருஷக்கணக்கான பழக்கம். ஆறு பேரும் கையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள்! ஒருவர் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு அந்த வியாதி கிடையாது. மைன்ஸுக்குள்ளே சங்கு காதில் விழுவதில்லை. ஷிப்ட் பஸ் ஹாரன்தான் அவர்களுக்கு எல்லாம்.

பந்து தரையில் பொத்தென்று விழுந்தது. அம்பயராக நின்ற பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார். பாயின்ட்! மேட்ச்! ஷீல்டு!

நான் துண்டை மேலே வீசினேன். அது கீழே வருவதற்குள்... பார்த்தேன். கை! உயர்ந்திருந்தது!

“சார், இந்தப் பாயின்ட் வேணாங்க.”

“வேணாமா? இது என்ன கல்யாணப் பந்தியாய்யா, வேணும் வேணாம்னு சொல்றதுக்கு?”

“அவங்க சங்குக்குக் கையப் போட்டுட்டாங்க சார். மறுபடி ஆடலாங்க.”

“ரூல் புக்ல சங்கு இல்லய்யா!”

“ஊர்ல இருக்குதேங்க சார்.”

இந்த இடத்தில்தான் கூட்டம் ஓடியது. நான் முதலில் போய்ச் சட்டையைப் பிடித்தேன். “கோதண்டம்! உமக்குப் புத்தி கித்தி இருக்கா? வீட்டுல அந்தம்மா துணியை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கய்யா!”

அவருக்கும் அது தெரியாமலா? முகம் சுண்டித்தான் போயிருந்தது. ஆனால் சொன்னார்: “எதிர்ல நிக்கிறவன் நம்மளப் பாத்துக்கினு இருக்கச்சொல்ல ஜெயிக்கணுங்க சார். திரும்பிக்கினு இருக்கச்சொல்ல இன்னா ஜெயிக்கிறது?”

சட்டையை விட்டுவிட்டேன். கசங்கிய இடத்தை நீவியும் விட்டேன்.

மறுபடி ஆடினார்கள். சர்வீஸ் கை மாறியது. அவர்கள் பதினாலு, அப்புறம் பதினைந்து. இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும்; இன்னும் ஒன்று எடுத்தால் ஷீல்டு அவர்களுக்கு. கடைசிப் பந்தை முத்தையா ஓங்கி அடித்தார். அது எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால்...

“டச் சார்!”

பி.டி. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “தெரியும்யா! கையை இறக்கு!”

வீடு வரைக்கும் நானும் கூடவே சைக்கிளில் போனேன், தனியாக அனுப்ப மனசில்லாமல். சகுந்தலா வாசலிலேயே நின்றிருந்தார். முதலில் சைக்கிளின் காலிக் கேரியரைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

“தூக்குனீங்களா?”

“ம்.”

“ஒரு வாட்டியா?”

“ரெண்டு வாட்டி.”

உள்ளே போய்விட்டார். காபி வந்தது. சர்க்கரை வரவில்லை. அந்த அம்மாளின் வாடிய முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்து முடித்தேன். ஊரெல்லாம் பாராட்டுகிற நல்ல குணத்துக்கு விலை கொடுப்பது யார்? வீட்டில் இருப்பவர்கள்தானே?

வியாழக்கிழமை. சகுந்தலாவின் தாய்வீடான காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் வந்திருக்கிறது என்று ஆள் விட்டிருந்தார்கள். கோபம் வேறு, பலாப்பழம் வேறு இல்லையா? போனேன். நாலு சுளை உள்ளே போயிருக்கும். வாசலில் சைக்கிள் மணி.

முத்தையா! கையில் வேட்டியில் சுற்றிய பெரிய பொட்டலம். பிரித்தால் — ஷீல்டு!

“மதினி, இது எங்க வீட்டுல இருக்கது எனக்குக் கூச்சமா இருக்கு. சாப்பாடு இறங்க மாட்டேங்கு. ஒரு மாசம் இங்கன இருக்கட்டும். அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லக் கூடாது.”

அண்ணாச்சி சொல்லாமல் இருப்பாரா? பலாச்சுளையோடு அந்தக் கை மேலே எழுந்தது.

“வேணாங்க முத்தையா. ஜெயிச்ச கேப்டன் வூட்லதான் இருக்கணும். அதான் ரூலு.”

முத்தையா திருதிருவென்று விழித்தார். நான் கொட்டையை விழுங்கப் பார்த்தேன்.

சகுந்தலா அருவாமணையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கையில் இருந்த பிசினை எண்ணெய் போட்டு நிதானமாகத் துடைத்தார். ஷீல்டை வாங்கினார்.

“ரூலெல்லாம் கிரவுண்டோட. இது என் வூடு. இங்க அம்பயர் நானு. கையக் கீழ போடுங்க!”

குரோஷா துணியின் நடுவே ஷீல்டை வைத்தார். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். அப்புறம் முத்தையா பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசந்தாங்க. நீங்க வந்து கேக்கவே வேணாம். நாள் தவறாம இவரே சைக்கிள்ல கட்டிக்கினு வந்து உங்க வூட்ல குடுத்துட்டு வருவாரு. எங்க வூட்டுக்காரரப் பத்தி ஊருக்கே தெரியுங்க!”

சொல்லும்போது அந்த முகத்தில் என்ன பெருமை என்கிறீர்கள்! அந்தப் பெருமைக்கு முன்னால் ஷீல்டு வெறும் பித்தளைதான்.

கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எந்த அம்பயர் சொல்லியும் இறங்காத கை, மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டிருந்தது... ஸ்போர்ட்ஸ்மேன் என்றால் சும்மாவா?