ஒரு ‘ம்’முக்குப் போதுமான பேட்டரி

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் செண்பகம் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுகிறாள். நான்காவது மாடியில் கதவு திறக்கும்போது பை மறுபடி இடது தோளுக்கு வந்துவிடுகிறது. லிஃப்டுக்குள் நிற்கும் கல்யாண வீட்டுக் கூட்டம் அவளை ஒரு மாதிரி பார்க்கிறது. உட்கார முக்காலி இருக்கிறது, பையை மாட்ட ஆணி இருக்கிறது, பிறகு எதற்கு இந்தப் பெண்பிள்ளை மூட்டையைச் சுமந்துகொண்டே நிற்கிறாள் என்று நினைக்காமல் இருக்க முடியுமா? பைக்குள் இருப்பது சோற்று டப்பா இல்லை, பேட்டரி. தராசு சொல்லும் எடை வேறு, தோள் சொல்லும் எடை வேறு என்பது செண்பகத்தின் கட்சி. காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் வரை சுமந்து பார்த்து, தோள் முனகவில்லை என்றால்தான் அந்தப் பேட்டரி தேறும்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. தி.நகரில் ஐந்து மாடிப் பட்டுக்கடையில் லிஃப்ட் இயக்குகிறாள். வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அங்கே லிஃப்ட் கிடையாது. நாள் முழுக்க இரும்புப் பெட்டிக்குள் ஏறி இறங்கும் இவள், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கடல் தாண்டிப் பேசுவாள் என்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது. சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி அவள். கைக்கு அடங்கிய ஒரு ரேடியோ, ஒரு நீளக் கம்பி, ஒரு பேட்டரி, இவ்வளவு போதும். செல்போன் கோபுரம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். இந்த மாதிரி சும்மா பேசிக்கொள்ளும் பைத்தியங்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்.

பைத்தியம் அவளைப் பிடித்தது இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில். அடையாறு பிளாக்கின் கீழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். புருஷன் நாகராஜ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சைதாப்பேட்டையில் மாட்டிக்கொண்டு, இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. “எல்லார் கைலயும் போன் கீது. இன்னா பிரயோஜனம், செங்கல்லு மாரி கெடக்குது” என்று சொல்வாள். அப்போது வகுப்பறை மூலையில் லாரி பேட்டரியும் ஒரு சின்னப் பெட்டியுமாக ஒருவர் உட்கார்ந்து, காற்றோடு பேசிப் பேசியே அரை மணி நேரத்தில் நாகராஜைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நாகராஜ் உயிரோடு கிடைத்ததைவிட அந்தப் பெட்டி அவள் மனதில் அதிகம் நின்றுவிட்டது. இதை அவள் நாகராஜிடமே சொல்லியிருக்கிறாள்.

பரீட்சை தேறி, ஹாம் கிளப்காரர்கள் பூட்டிக் கொடுத்த ரேடியோவை முதலில் மொட்டைமாடியில்தான் வைத்தாள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தவரை ஒரு வம்பும் இல்லை. பேச ஆரம்பித்த மூன்றாம் நாள், ஆடி வெள்ளியில், கீழே அம்மன் கோயில் மைக்செட்டில் பாட்டுக்கு நடுவே செண்பகத்தின் குரல் வந்தது. “இங்கு வானிலை மேகமூட்டம், அங்கு எப்படி?” என்று அம்மன் கேட்டதாக நினைத்து ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் பிளாக்கே சண்டைக்கு வந்தது. குடியிருப்பில் இருந்து இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தாள். கேட்டுக்கொள்ளலாம், பேசக்கூடாது. அதனால்தான் கடற்கரை, அதனால்தான் பேட்டரி.

ஆறு வருஷமாக அவளிடம் இருந்தது லிஃப்ட் மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பழைய பேட்டரி. பேசினாலும் கத்தினாலும் அசையாத சாமான், ஆனால் ஆறு கிலோ. அதைச் சுமந்து சுமந்து இடது தோள் இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை பின்ன முடியாத நிலை வந்தது. இனி கனம் தூக்கினால் கை நிரந்தரமாக நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகராஜைத் தூக்கிவரச் சொல்லலாம் என்றால், அவனுக்குத் தரமணியில் இரவுக் காவல் வேலை. ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் வீடு வருவான்.

செண்பகத்துக்கோ ஞாயிறு ஆறு மணிதான் வேண்டும். ஆறு மணிக்கு இலங்கை மன்னாரிலிருந்து தேவானை ரேடியோவில் வருவாள். தேவானை அங்கே தபால் கந்தோரில் வேலை பார்க்கிறவள், இவளுக்கு ஐந்தாறு வயது மூத்தவள். முகம் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டபோது, “எங்கட கதை காத்தோடையே இருக்கட்டும், பிள்ளை” என்று தேவானை சொன்னாள், செண்பகத்துக்கும் அது பிடித்துவிட்டது. ஆறு வருஷமாக வாரம் அரை மணி நேரம். மன்னாரில் தெருவெல்லாம் கழுதைகளாம். அதில் ஒன்று மத்தியானமானால் கந்தோருக்குள் வந்து மின்விசிறிக்கு அடியில் நிற்குமாம். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், கழுதை அலைக்கு அந்தப் பக்கம்தான் எங்கேயோ நிற்பதுபோல் செண்பகத்துக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிறு, கதையெல்லாம் முடிந்த பிறகு தேவானை சாதாரணமாகச் சொன்னாள். “தொண்டையில கட்டி. கொழும்பில ஒப்பரேசன். குரல்பெட்டியை எடுத்துப்போடுவினமாம். அடுத்த ஞாயிறு ஆறரைக்கு என்னை ஏத்திப்போக வான் வரும். அதுக்கு முதல் உன்னோடை ஒருக்காக் கதைச்சிட்டுப் போறன்.”

அந்த வாரம் செண்பகம் மூன்று கேட்டவர்களை ஐந்தில் இறக்கினாள். பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. அந்தக் குரல் ‘செண்பகம்’ என்று கடைசியாக ஒரு தரம் கூப்பிட வேண்டும், தான் ‘அக்கா’ என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பேட்டரி வேண்டும், தோள் தாங்குகிற பேட்டரி.

ரிச்சி தெருவில் பேட்டரிக் கடை ஃபராஸ் மூன்று விதம் எடுத்துப் போட்டான். ஸ்கூட்டர் பேட்டரி, கனம். இரும்பு பாஸ்பேட் என்று ஒன்று, ஒரு கிலோதான், நல்ல சரக்கு, ஆனால் ஸ்டாக் வர இரண்டு வாரம் ஆகும். மூன்றாவது, பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துக் கட்டியது. கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் செண்பகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முக்கால் கிலோகூட இல்லை.

“அக்கா, லேசாதான் கீது. ஆனா கரண்டு ஜாஸ்தி இழுத்தா உள்ள ஒரு போர்டு கீது பாரு, அது கட் பண்ணிடும். ஒரு தபா பேசிப் பாத்துட்டு சொல்லு” என்றான் ஃபராஸ்.

“எங்க வூட்ல பேசக் கூடாது நைனா, சத்தியம் பண்ணிட்டேன். கேட்டுப் பாக்கறேன். கேக்கற பேட்டரி பேசாமலா பூடும்?”

பேசாமல் போகும். ஹாம் ரேடியோ படித்த எவரும் எழுந்து நின்று சொல்வார்கள்: கேட்பதற்கு ரேடியோ ஒரு மடக்குக் குடிக்கும், பேசுவதற்கு ஒரு குடம் குடிக்கும். செண்பகமும் பரீட்சையில் அதை எழுதியவள்தான். ஆனால் பேசாதே என்ற சத்தியத்தில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு, காதால் சோதிப்பதே பழக்கமாகிவிட்டது. புதன் முதல் சனி வரை விடியற்காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து கேட்டாள். இரைச்சலுக்குள் யாரோ ஒருவர் தன் ஊரில் பனி என்றார், யாரோ ஒருவர் இருமினார், புரியாத பாஷையில் ஒரு பெண் சிரித்தாள். நாலு நாளும் பேட்டரி துளிகூட இறங்கவில்லை. பகலில் லிஃப்டில் தோளும் முனகவில்லை. செண்பகத்துக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிறு காலை ஊரூர்க் குப்பத்துக்குப் பக்கத்து மணலில் கம்பைக் கட்டி, கம்பியை இழுத்து உட்கார்ந்தபோது மணி ஐந்தே முக்கால். படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. ஆறுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போதே அந்தக் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக.

“செண்பகம், செண்பகம். நிக்கிறியோ பிள்ளை?”

செண்பகம் மைக் பொத்தானை அழுத்தி, “அக்கா” என்றாள். ‘அ’ போனதோ என்னவோ, ரேடியோ அணைந்துவிட்டது. பேட்டரி ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், உயிர் வந்தது. “அக்கா, கீறேன்” என்றாள். மறுபடி அணைந்தது. மறுபடி பிடுங்கிச் செருகினாள். மூன்றாவது தரமும் அணைந்து, மறுபடி செருகியபோதுதான் ஃபராஸ் சொன்ன போர்டு ஞாபகம் வந்தது. படகு பேட்டரி கேட்கலாம் என்றால் கரையில் ஒரு படகு இல்லை. ஆட்டோவைப் பிடித்து நிறுத்தி அதன் பேட்டரியைக் கேட்கலாம் என்றால் மெயின் ரோட்டுக்கு ஓடிவரக் கால் மணி நேரம் ஆகும். ஆறரைக்கு வேன்.

“செண்பகம், கேக்குதோ? இண்டைக்கு வரேல்லையோ?”

கேட்கிறது. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது. ‘நாலு நாளா எதுக்குடி காதை வச்சிக்கினு குந்தினு இருந்தே’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மைக்கை நெஞ்சோடு பிடித்திருந்த கையில் பொத்தான் அழுந்தியிருந்தது அவளுக்குத் தெரியாது. வாயை இறுக்கி மூடி விம்மலை விழுங்கினாள். தொண்டையில் ‘ம்’ என்று ஒரு சத்தம். ரேடியோ அணையவில்லை. கை நழுவிப் பொத்தான் விலகியது.

“ஆர் அது உம் கொட்டுறது?” என்றாள் தேவானை.

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவைப் பார்த்தாள். குரல் பெரிதாகப் போனால் ரேடியோ அதிகம் இழுக்கும், சின்னதாகப் போனால் கொஞ்சமாக இழுக்கும். வாயைத் திறந்தால் பேட்டரி விழுகிறது, மூடிக்கொண்டால் நிற்கிறது. பொத்தானை அழுத்தி, வேண்டுமென்றே, மெதுவாக, “ம்” என்றாள்.

“செண்பகமோ?”

“ம்.”

“பற்றறி கோளாறோ? கதைச்சா விழுகுதோ?”

“ம்.”

“உம் எண்டா நிக்குது?”

“ம்.”

தேவானை சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் இவர்கள் உம் கொட்டிக் கதை கேட்டதே இல்லை. ரேடியோவில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அவர் முழுக்க முடித்து ‘ஓவர்’ சொன்ன பிறகுதான் இவர் முறை. நம் ஜனங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்! இப்போது தேவானை ஒவ்வொரு வரிக்கும் பொத்தானை விட்டு இடம் கொடுத்தாள்.

“எங்கட கந்தோர்க் கழுதை இருக்கெல்லோ.”

“ம்.”

“அதின்ர முதுகில ஆரோ பதிவுத் தபால் சீட்டு ஒட்டி விட்டிட்டாங்கள்.”

“ம்.”

“அது சீட்டோடை பஸ் நிலையத்துக்குப் போச்சு. பஸ்காரன் அதை ஓட்டிக்கொண்டு வந்து, கையெழுத்து எங்கை போடுறது எண்டு என்னட்டைக் கேக்கிறான்.”

செண்பகத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் அணைந்துவிடுமே! பொத்தானை விட்டுவிட்டு மணலில் புரண்டு சிரித்து முடித்து, மூச்சு வாங்கி, பிறகு அழுத்தினாள். “ம்.”

கழுதை முடிந்து இன்னொன்று, அதுவும் முடிந்து இன்னொன்று. சாம்பல் நிறம் கரைந்து கடலுக்குள் இருந்து வெயில் எட்டிப் பார்த்தது. மன்னார்ப் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது.

“வான் வந்திட்டுது. பிள்ளை, இனி என்ர வாயும் உன்ர பற்றறி மாதிரித்தான். நீ இண்டைக்கு எனக்குப் பழக்கிக் காட்டிப்போட்டாய். திரும்பி வந்தா நீ கதை சொல்லு. நான் எப்பிடியாவது உம் கொட்டுறன். சரியோ?”

“ம்” என்றாள் செண்பகம். அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

இரும்பு பாஸ்பேட் வந்ததும் ஃபராஸ் கார் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பத்து நிமிஷம் எரியவிட்டுக் காட்டினான். செண்பகம் அரை மணி நேரம் எரியவிடச் சொன்னாள். தோள் சோதனையும் தனியாக நடந்தது. பேசினாலும் சிரித்தாலும் இது விழாது. அதைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு தவறாமல் கடற்கரைக்குப் போனாள். அழைப்புக் குறியைச் சொல்லி, பதில் வராத காற்றில் கதை சொன்னாள். அம்பதினாயிரம் ரூபாய்ப் புடவை கட்டிய பொம்மையோடு லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்ட கதை, கூறைப்புடவை எடுக்க வந்த இடத்தில் சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் போன சம்பந்திகள் கதை. ஒவ்வொரு வரிக்கும் பொத்தானை விட்டு, ஒரு ‘ம்’முக்கு இடம் விட்டாள். ஐந்து ஞாயிறு அப்படியே போனது. “அந்தாண்ட ஆளு இல்லாம யாரு கைல பேசிக்கினு கீறே?” என்று நாகராஜ் கேட்டான். அவள் பேட்டரியை எடுத்துச் சார்ஜில் போட்டாள்.

ஆறாவது ஞாயிறு, மாப்பிள்ளைப் பையன் ஒருவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் லிஃப்டுக்குள் வந்து, எந்த மாடியும் வேண்டாம், சும்மா ஏறி இறங்கிக்கொண்டு இருங்கள் என்று கெஞ்சிய கதை.

“நானும் ஏத்தி எறக்கினே இருந்தேன். அப்பால இன்னா ஆச்சு தெரியுமா அக்கா?” என்று கேட்டுப் பொத்தானை விட்டாள்.

இரைச்சல். இரைச்சலுக்குள் ‘டொக்’ என்று ஒன்று. எங்கேயாவது மின்னல் வெட்டினாலும் அப்படி ஒரு சத்தம் வரும். செண்பகம் வானத்தைப் பார்த்தாள், ஒரு மேகமில்லை.

“தேவானை அக்கா, நீயா?”

நகத்தால் மைக்கைத் தட்டும் சத்தம், இந்தத் தரம் நிதானமாக, அழுத்தமாக வந்தது. ‘டொக்.’

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, பேட்டரியும் நிறைய இருந்தது. செண்பகம் ரேடியோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தாமலே, வாயை மூடி, “ம்” என்றாள்.