அக்காவின் கலரை இறக்கச் சொன்ன கதை

இன்று சேலத்தில், போட்டோ ஸ்டுடியோ கவுண்டரில்...

பிரேம் போட்டு வைத்திருந்த படத்தைக் கடைத் தம்பி திருப்பிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

யாரோ ஒரு சிவத்த பெண், என் அக்கா பழனியம்மாளின் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள்!

"பழைய படமுங்க ஆயா. கறையெல்லாம் எடுத்துட்டு, கலரும் நல்லா ஏத்தியிருக்கறனுங்க."

"ஏத்துனத எறக்குங்க சாமி."

"எல்லாரும் ஏத்தித்தானுங்க கேப்பாங்க!"

கூட வந்த அக்கா மகள் செல்விக்கு வேறு அந்தப் படம் பிடித்துவிட்டது. "நல்லாத்தானுங்க இருக்குது சித்தி. அம்மா சினிமாக்காரியாட்டம் இருக்கறா! இருக்கட்டுமே."

அடுத்த வாரம் அக்காவுக்கு வருஷத் திதி. இந்த முகத்தை மாட்டிவைத்து, யாரென்று நினைத்து நான் கும்பிடுவது?

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து செல்விக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்து வீடு. அக்காவைப் பெண் பார்க்க வந்த அம்மாள், "புள்ள கருப்பா இருக்குதே" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குக் கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியவள்தான் அக்கா. அப்புறம் விரலால் தடவித் தடவியே வகிடு எடுத்தாள்.

நான் சிறுமி. பள்ளிக்கூடம் போகாதவள். மளிகைப் பொட்டலத் தாள்களை வைத்து நானாகவே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். (புளி மடித்த தாள்தான் எனக்குப் பாடப் புத்தகம்!)

அப்படி ஒரு தாளில் ஒரு செய்தி. நாட்டுக்கே ஓர் அழகியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம், பம்பாயில். போட்டோ அனுப்பினால் போதுமாம்!

இப்போது டிவியில் காட்டுகிறார்களே, மேடை, நடை, இங்கிலீஷ் கேள்வி, கிரீடம், அதற்கு ஒரு கோச்சிங்... அதெல்லாம் நாங்கள் கனவிலும் காணாதது. எங்களுக்குத் தெரிந்த அழகிப் போட்டி ஒரு படம், ஒரு தபால். அவ்வளவுதான்.

சத்தம் போட்டுப் படித்தேன். அடுப்பைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள், "நானும் அனுப்பட்டுங்களாப்பா?"

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் பெரியப்பா குதித்தார். "பொட்டப்புள்ள படத்த ஊரான் ஊட்டுக்கு அனுப்பறதா? ஏன்டா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

அண்ணன் பேச்சை அப்பா தட்டியதே இல்லை. துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். "சாமிகிட்டப் பூக் கேட்டுருவமுங்கண்ணா" என்றார்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் இப்படித்தான். வெள்ளைப் பூ ஓர் இலையில், செவ்வரளி மாதிரிச் சிவப்புப் பூ ஓர் இலையில். இரண்டையும் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம்.

பொட்டலம் கட்டியது அப்பா. எடுத்தது நான்!

பூசாரி பிரித்தார். மல்லிகை!

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே சொல்லிப்போட்ட பொறகு நான் ஆருடா?"

இன்னொரு பொட்டலத்தை அப்பா பேசாமல் எடுத்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

அங்கிருந்தே, கரியை எரித்து ஓடும் அந்தக் காலத்துக் கரிப்புகை பஸ்ஸில் சேலம். ஸ்டுடியோக்காரர் கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விட்டார். உடனே வெளியே எடுத்தார். "ஏனுங்க, புள்ளைக்குத் தலையில பூ இல்லீங்களா?"

கிளம்பின அவசரத்தில் மறந்தே போனோம்!

அப்பா இடுப்பிலிருந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். செவ்வரளியைப் போயா தலையில் வைப்பது என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன்.

அதிலும் மல்லிகை!

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா குனிந்து, "சாமிக்கு இஷ்டமில்லீன்னா பஸ்ஸ வழியிலயே நிறுத்தியிருக்குமல்லோ? அக்காளுக்கு வெச்சுடு கண்ணு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அப்போது சிரித்த சிரிப்புதான் இந்தப் படம்.

ஒரு பிரதியைப் பம்பாய்க்கு அனுப்பினோம். பதில் வரவே இல்லை. (அந்தப் புளித்தாள் எந்தக் காலத்துப் பேப்பரோ! போட்டி எப்போதோ முடிந்திருக்கும்!)

ஆனால் அன்றைக்கு ஸ்டுடியோவிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா செய்த முதல் வேலை, கண்ணாடியை நேராகத் திருப்பி மாட்டியதுதான்.

கதை முடிந்ததும் செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். "ஏனுங்க தம்பி, எங்கம்மாளோட கலர அப்படியே திருப்பிக் குடுத்துருங்க."

தம்பி கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். என் அக்கா திரும்பி வந்தாள்!

"பூவுங்கூட ரொம்ப வெள்ளையாத் தெரியுதுங்க ஆயா. அதையும் எறக்கிறட்டுங்களா?"

"ஐயோ, அதத் தொட்டறாதீங்க! அது எங்கப்பா வெச்ச வெள்ளை!"

வீட்டுக்கு வந்து இன்றைய வரவு செலவில் 'அக்கா கலர் இறக்கிய வகையில்' என்று எழுதிவிட்டேன். பூஜை அறையில் ஆணியும் அடித்தாயிற்று.

அப்பாவுக்கு நன்றி.

இரண்டு பொட்டலத்துக்குள்ளும் என்ன இருந்தது என்று தெரிந்தும் வாயைத் திறக்காத சாமிக்கு அதைவிடப் பெரிய நன்றி!