மருந்துச் சீட்டின் பின்பக்கம்

மைசூரில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு, ஒரு காலையில் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். உதடு கிழிந்திருந்தது, கழுத்தில் விரல் பதிந்த தடம். டாக்டர் அவளைக் கேட்க, பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று புருஷன் கன்னடத்தில் பதில் சொன்னான். பாத்ரூம் கழுத்தை நெரிக்குமா?

அவனை எக்ஸ்ரே சீட்டுப் போட அனுப்பிவிட்டுத் தமிழில் கேட்டேன். உடைந்து அழுதாள். "அவருதானுங்கக்கா. போறதுக்கு வேற எடமில்லீங்க."

பெண்கள் உதவி நம்பரை அவளுடைய மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி, மடித்துக் கையில் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. மருந்து வாங்கப் போவது எப்போதும் கூட வந்தவர்தான் என்பது, பதினாறு வருஷம் அங்கேயே வேலை பார்த்த எனக்கு உறைக்கவில்லை. அவன் வந்து கையை நீட்டினான். அவள் சீட்டைக் கொடுத்தாள். அவன் மாத்திரைகளோடு திரும்பியபோது, கையிலிருந்த சீட்டின் பின்பக்கம் மேலே இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போனான்.

இரண்டு மாதம் கழித்துக் கை ஒடிந்து வந்தாள். மறுபடியும் அவனை வெளியே அனுப்பினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்:

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டனுங்க, சிஸ்டர்."